மன்றக் கூட்டத்தில் ஜெபித்தது குற்றமா?

தென்மாவட்டப் பேரூராட்சி ஒன்றின் தலைவர் எழுதிய நீண்ட கடிதம் இந்த வாரம் வந்திருக்கிறது. ஊரையும் சபையையும் அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவர் நாற்பதைக் கடந்த பெண். மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். 2022 உள்ளாட்சித் தேர்தலில் பெண்களுக்கான பொது வார்டில் வென்று தலைவரானவர். ஊரில் பாதிக்கு மேல் இந்துக்கள், இரண்டு தெருக்களில் இஸ்லாமியர்கள். கோடையில் குடிநீர் இல்லாமல் ஊர் தவித்துக்கொண்டிருந்தபோது நடந்த மாதாந்திரக் கூட்டத்தில், தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும் எல்லோரையும் நின்றபடியே இருக்கச் சொல்லிவிட்டு, வாய்விட்டு ஜெபித்து, ‘இயேசுவின் நாமத்தில் ஆமென்’ என்று முடித்திருக்கிறார். சிலர் கண்மூடி நின்றார்கள். இரண்டு உறுப்பினர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். எழுத்தர் ‘தலைவரின் ஜெபத்துடன் கூட்டம் தொடங்கியது’ என்று தீர்மானப் பதிவேட்டில் எழுதிவிட்டார். மறுநாள் செயல் அலுவலருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் புகார் போனது. காணொளி வாட்ஸ்அப்பில் சுற்றியது. அந்தப் பரபரப்பிலேயே, அவர் வீட்டில் பல ஆண்டுகளாக வெள்ளிக்கிழமை மாலையில் நடக்கும் ஜெபக் கூட்டத்தைப் பற்றியும் ஒரு புகார் கிளம்பியிருக்கிறது. காவல் ஆய்வாளர் நேரில் வந்து, ஆட்சியர் அனுமதி வாங்கும்வரை கூட்டம் வேண்டாம் என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அவர் கேட்பது இவை. அலுவலகத்தில் ஆயுத பூஜை நடக்கிறது, ஒவ்வொரு பணிக்கும் பூமி பூஜை போடுகிறார்கள், நான் ஜெபித்தது மட்டும் எப்படித் தவறாகும்? கடவுளின் பெயரால்தானே பதவி ஏற்றேன்? அமெரிக்காவில் நகர மன்றங்கள் ஜெபத்தோடு தொடங்கும் காணொளியைப் பார்த்தேன், இங்கே ஏன் கூடாது? என் பதவி போய்விடுமா? ‘மனிதர் முன் கிறிஸ்துவை மறுதலிக்காதே’ என்று எங்கள் ஐயர் (சபைப் போதகர்) சொல்கிறார், ‘வாயை மூடிக்கொண்டு இரு’ என்று கணவர் சொல்கிறார். நான் ராஜினாமா செய்துவிடலாமா?

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ராஜினாமா செய்ய வேண்டாம். நீங்கள் செய்தது குற்றம் இல்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இதைத் தண்டிக்கும் பிரிவு எதுவும் இல்லை. மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவது, மதப் பகையைத் தூண்டுவது பற்றியவை 299, 196 ஆகிய பிரிவுகள். தண்ணீர் கேட்டுச் செய்த ஒரு ஜெபம் அவற்றின் பக்கத்தில்கூட வராது. இரவில் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பயத்துக்குச் சட்டத்தில் இடம் இல்லை.

ஆனால் குற்றம் இல்லாத எல்லாமே சரியாகிவிடாது. அந்த ஜெபத்தை நீங்கள் திரும்பச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. யாராவது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால், இனி அப்படிச் செய்ய மாட்டேன் என்று உறுதி தரும் நிலைக்குத்தான் நீங்கள் வருவீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

நீங்களும் நாற்காலியும்

அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு உங்களுக்கு மனச்சாட்சிச் சுதந்திரம் தருகிறது. உங்கள் மதத்தை வெளிப்படையாக ஏற்கவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கும் மற்ற அடிப்படை உரிமைகளுக்கும் உட்பட்ட உரிமை அது. தலைவரானதும் அந்த உரிமையில் ஒரு துளியும் உங்களிடமிருந்து கழிக்கப்படவில்லை. சிலுவைச் சங்கிலி அணிந்து கூட்டத்துக்கு வரலாம். அஜெண்டாவைத் திறக்கும்முன் மனத்துக்குள் ஜெபிக்கலாம். ஞாயிறு ஆராதனையில் முன்வரிசையில் உட்காரலாம், பாமாலை பாடலாம், சபையின் பொது விருந்தான அசனத்தில் பரிமாறலாம். ‘தலைவர் என்பதால் கோயிலுக்கு (தேவாலயத்துக்கு) போவதைக் குறைத்துக்கொண்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது தேவையில்லை. மதச்சார்பின்மை என்ற பெயரில் யாரும் அதை உங்களிடம் கேட்க முடியாது.

அன்று நடந்தது வேறு. கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் அதிகாரத்தால்தான் எல்லோரையும் நிற்கச் சொன்னீர்கள். ஒரு உறுப்பினர் உட்கார்ந்தால் தலைவரை அவமதித்ததாகத் தெரியும். நின்றால் தன் நம்பிக்கையில் இல்லாத ஒன்றில் கலந்துகொண்டதாகும். வாக்காளர்கள் அனுப்பியதால் அந்த அறைக்கு வந்தவரை இப்படி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வைக்க எந்தத் தலைவருக்கும் உரிமை இல்லை. அன்றைய ஜெபத்தைவிட எனக்குக் கவலை தருவது பதிவேட்டில் இருக்கும் அந்த ஒரு வரிதான். அந்த வரியால் உங்கள் ஜெபம் பேரூராட்சியின் அலுவலாகிவிட்டது. உங்கள் வார்டில் உங்களுக்கு வாக்களித்த இஸ்லாமியத் தாயின் பேரூராட்சியும் அதுதான். 1994ஆம் ஆண்டின் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, மதச்சார்பின்மை அரசியல் சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பில் ஒன்று என்று சொன்னது. மக்களுக்கு மதம் இருக்கலாம், அரசுக்கு இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். அரசு என்பது டெல்லியிலும் கோட்டையிலும் மட்டும் இருப்பது இல்லை. வரி வசூலிக்கும் பேரூராட்சியும் அரசுதான்.

தமிழ்த்தாய் வாழ்த்தும் ஒரு பிரார்த்தனைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதைத் தேசிய கீதம் போன்றதாகக் கொள்ள முடியாது, அது பிரார்த்தனைப் பாடல்தான் என்று கூறியது; அதன் பிறகே அந்த டிசம்பரில் தமிழக அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்து, பாடும்போது எழுந்து நிற்கவும் சொன்னது. ஆனால் மனோன்மணீயம் சுந்தரனார் எழுதிய மூலத்தில் பரம்பொருளைப் பற்றி வரும் அடிகள் நாம் பாடும் வடிவத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள். மொழியை வாழ்த்துவதில் எந்த மதத்தவரும் சேர முடியும். இயேசுவின் நாமத்தில் முடியும் ஜெபத்தில் எல்லோரும் சேர முடியாது. அந்த நாமம் உங்களுக்கு வெறும் அலங்காரம் இல்லை என்பதால்தான் அதை மற்றவர் வாயில் திணிக்கக் கூடாது என்கிறேன்.

ஆணையிட்டுப் பதவி ஏற்றதைப் பற்றி

நம் நாட்டில் பதவி ஏற்பவர் கடவுளின் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். இரண்டும் சமம். நீங்கள் முதலாவதைத் தேர்ந்தெடுத்தது உங்கள் மனச்சாட்சியைக் கட்டும் விஷயம். இந்த வேலையை நேர்மையாகச் செய்வேன் என்பதற்கு நீங்கள் கடவுளைச் சாட்சி வைத்தீர்கள். அதிலிருந்து மன்றமே கடவுளின் பெயரால் நடக்க வேண்டும் என்று பொருள் எடுக்க முடியாது.

இதை நம் முன்னோர் நேரடியாகவே விவாதித்திருக்கிறார்கள். 1949 அக்டோபர் 17 அன்று அரசியல் சாசன அவையில், முகப்புரை ‘கடவுளின் பெயரால்’ என்று தொடங்க வேண்டும் என எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். கடவுள் மீது வாக்களிக்கும் சங்கடத்துக்கு எங்களை ஆளாக்காதீர்கள் என்று பூர்ணிமா பானர்ஜி கேட்டுக்கொண்டார். காமத் விடவில்லை. ஆதரவு 41, எதிர்ப்பு 68. திருத்தம் தோற்றது. எதிர்த்து வாக்களித்தவர்கள் எல்லோரும் நாத்திகர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆழ்ந்த பக்தி உள்ளவர்களும் அதில் இருந்தார்கள். தங்கள் பக்தியை அரசாங்க ஏட்டில் ஏற்ற அவர்கள் விரும்பவில்லை.

அதே அவையில் கிறிஸ்தவர்களுக்குக் கிடைத்த ஒன்றையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். மதத்தைப் ‘பரப்பும்’ உரிமை 25ஆம் பிரிவில் வேண்டுமா என்ற கேள்வி 1948 டிசம்பரில் எழுந்தபோது, கிறிஸ்தவர் அல்லாத தமிழரான டி.டி. கிருஷ்ணமாச்சாரி எழுந்து, தான் பதினான்கு ஆண்டுகள் கிறிஸ்தவ நிறுவனங்களில் படித்ததாகவும் தன்னை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்றும் சொன்னார். அந்தச் சொல் சாசனத்தில் நிலைத்தது. சென்னை மாகாணத்தின் உறுப்பினர்களில் ஒருவராக ஜெரோம் டிசௌசா என்ற இயேசு சபைக் குருவானவரும் அந்த அவையில் அமர்ந்திருந்தார். கிறிஸ்தவர் பொதுவாழ்வுக்கு வருவதே தவறு என்று உங்களிடம் பேசும் உறவினர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

ஆயுத பூஜை, பூமி பூஜை

உங்கள் கடிதத்தில் மிகவும் சூடாக இருப்பது இந்தப் பகுதி. உங்கள் வருத்தம் நியாயமானது. ஒருவரின் சடங்கு ‘நம் பழக்கம்’ என்று கடந்துபோகிறது, இன்னொருவரின் ஜெபம் புகாராகிறது. இதை நான் மறுக்கப் போவதில்லை. நீதிமன்றங்களும் இதில் ஒரே தராசைப் பிடித்திருக்கின்றன என்று சொல்ல மாட்டேன். குஜராத் உயர் நீதிமன்றத்தின் புதிய கட்டடத்துக்கு ஆளுநரும் தலைமை நீதிபதியும் இருக்க பூமி பூஜை நடந்ததை எதிர்த்து ஒருவர் வழக்குப் போட்டார். 2011இல் அவர் மனு 20,000 ரூபாய் அபராதத்துடன் தள்ளுபடியானது.

மறுபக்கமும் உண்டு. 1968இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, அரசு அலுவலகங்களிலிருந்து கடவுள் படங்களைப் படிப்படியாக அகற்றும்படி சுற்றறிக்கை போனது. 2022இல் தருமபுரி மாவட்டத்தில் ஒரு ஏரிச் சீரமைப்புப் பணியின் தொடக்கத்தில், ஒரு மதத்தின் சடங்கு மட்டும் நடப்பதை நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் அந்த இடத்திலேயே தடுத்துக் கேட்டார். 2024 மார்ச்சில் புனே மாவட்டத்தில் ஒரு நீதிமன்றக் கட்டட விழாவில் பேசிய உச்ச நீதிமன்ற நீதிபதி அபய் ஓகா, நீதிமன்ற விழாக்களில் பூஜையை நிறுத்திவிட்டு அரசியல் சாசன முகப்புரையின் முன் தலைவணங்கித் தொடங்கலாம் என்றார். ஆக, பூஜை நடப்பதாலேயே அது கேள்விக்கு அப்பாற்பட்டது என்று ஆகிவிடவில்லை.

இதில் நீங்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. அவர்கள் எல்லை மீறுகிறார்கள், அதனால் எனக்கும் மீற உரிமை உண்டு என்று வாதம் செய்கிறீர்கள். சட்டத்தில் இந்த வாதம் நிற்காது. ஒருவருக்குத் தவறாகக் கிடைத்த சலுகையை எனக்கும் கொடு என்று எந்த நீதிமன்றத்திலும் சமத்துவம் கோர முடியாது. நடைமுறையில் யோசித்தாலும், நீங்கள் ஒரு ஜெபம் வைத்தால் அவர்கள் ஒரு ஹோமம் வைப்பார்கள். எண்ணிக்கைப் போட்டியில் சிறுபான்மையினர் வென்றதாக எந்த ஊர்க் கதையும் இல்லை. மன்றம் எந்த மதத்துக்கும் மேடையாகாமல் இருப்பதால் முதலில் பாதுகாக்கப்படுகிறவர் நீங்கள்தான்.

பூமி பூஜைக்கு அழைக்கிறார்கள், போகாமல் இருந்தால் கோபிக்கிறார்கள், போனால் மனம் உறுத்துகிறது என்கிறீர்கள். இதற்குச் சட்டம் தெளிவான துணை தருகிறது. 1985இல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் பள்ளியில் தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளியிலிருந்து நீக்கினார்கள். 1986இல் பிஜோ இமானுவேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. தேசிய கீதத்துக்கே அந்த விலக்கு உண்டு என்றால், பூஜையில் கற்பூரம் காட்ட மறுக்க உங்களுக்கு உரிமை இல்லாமல் போகுமா? பணியைத் தொடங்கிவையுங்கள், கல்லை நடுங்கள், ஒப்பந்ததாரரிடம் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். சடங்கு நேரத்தில் ஓர் ஓரமாக மரியாதையோடு நில்லுங்கள். முகத்தைச் சுளிக்க வேண்டாம், நெற்றியைக் காட்டவும் வேண்டாம். பூஜைச் செலவு பேரூராட்சி நிதியிலிருந்து போகிறதா என்று மட்டும் கணக்கைப் பாருங்கள். போகிறது என்றால் கேள்வி கேட்கும் உரிமையும் கடமையும் உங்களுக்கு உண்டு. அலுவலகக் கிறிஸ்துமஸ் கேக்குக்கும் அதே கணக்குத்தான் என்பதை மறக்க வேண்டாம்.

ஆயுத பூஜையை நிறுத்தும் உத்தரவு போட நினைப்பதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம். ஊழியர்கள் தங்கள் தட்டச்சு இயந்திரத்துக்கும் குப்பை வண்டிக்கும் பொட்டு வைப்பதை நீதிமன்றங்கள் தொழிற்கருவிக்குச் செய்யும் மரியாதையாகப் பார்க்கவே விரும்புகின்றன. புகார் நிலுவையில் இருக்கும்போது நீங்கள் அதைத் தொட்டால் பழிவாங்கல் என்றே பெயர் வாங்குவீர்கள்.

அமெரிக்கக் காணொளியைப் பற்றிச் சுருக்கமாக

அமெரிக்காவில் சட்டமன்றங்களும் நகர மன்றங்களும் பிரார்த்தனையோடு தொடங்குவது நெடுங்காலப் பழக்கம். நியூயார்க் மாநிலத்தின் கிரீஸ் என்ற ஊரின் வழக்கில் 2014இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை அனுமதித்தது. அங்கேயும் ஜெபித்தவர்கள் பெரும்பாலும் அழைக்கப்பட்ட போதகர்கள். புகார் வந்தபின் யூதர், பஹாய், விக்கா நம்பிக்கையாளர் ஆகியோரையும் அந்த ஊர் அழைக்க வேண்டியிருந்தது. உங்கள் நிலைக்கு நெருக்கமானது வட கரோலினாவின் ரோவன் கவுண்டி வழக்கு. அங்கே உறுப்பினர்களே கூட்டத்தில் கிறிஸ்தவ ஜெபம் செய்துவந்தார்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே ஆண்டு மிச்சிகனின் ஜாக்சன் கவுண்டியில் ஏறக்குறைய அதே பழக்கத்தை வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. அவர்களுக்குள்ளேயே முடியாத வழக்கு அது. இங்கே அது முன்மாதிரி ஆகாது. நம் நாட்டில் அதற்கு இணையாகச் சொல்லக்கூடியது பள்ளிப் பிரார்த்தனை வழக்கு. கேந்திரிய வித்யாலயாக்களில் சொல்லும் பிரார்த்தனை செல்லுமா என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. மதங்களுக்கு நடுவில் அரசு எப்படி நிற்க வேண்டும் என்பது நமக்கும் தீராத விவாதம்தான்.

வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டம்

இதில் நான் முழுக்க உங்கள் பக்கம். சொந்த வீட்டில் குடும்பத்தாரும் தெரிந்தவர்களும் கூடி ஜெபிப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. வீட்டில் பஜனை பாட யாரும் ஆட்சியரிடம் போவதில்லை. வழிபாட்டுத் தலம் கட்டுவதற்கும், ஒரு கட்டடத்தைப் பொது வழிபாட்டுக்கு என்று மாற்றுவதற்கும்தான் கட்டட விதிகள் ஆட்சியரின் முன்அனுமதியைக் கேட்கின்றன. ஆய்வாளர் இரண்டையும் குழப்பிக்கொண்டார், அல்லது சச்சரவு வேண்டாம் என்று எளிய வழியைத் தேடினார்.

ஆனால் உங்கள் வீடு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை நீங்களே நேர்மையாகப் பார்க்க வேண்டும். வாசலில் சபையின் பெயர்ப் பலகை, வாரந்தோறும் வெளியூரிலிருந்து வரும் நூறு பேர், நிரந்தர மேடை, காணிக்கைப் பெட்டி, சம்பளப் போதகர் என்று வளர்ந்திருந்தால் அது ஜெப வீடாகிவிட்டது. அனுமதி இல்லை என்ற வாதத்துக்கு இடம் கொடுக்கிறீர்கள். நீங்கள் எழுதியபடி பதினைந்து இருபது பேர், ஒன்றரை மணி நேரம், கீர்த்தனை, வேதவாசிப்பு, ஜெபம், பிறகு தேநீர் என்றால் அது குடும்பக் கூடுகைதான். நீதிமன்றங்கள் ஒவ்வொரு வழக்கிலும் இந்த விவரங்களைத்தான் தோண்டிப் பார்க்கின்றன.

ஒலிபெருக்கியைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. புகாரில் இருப்பதாக மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். 2000ஆம் ஆண்டில் சென்னையிலேயே நடந்த வழக்கு உண்டு. ஒரு பெந்தெகொஸ்தே சபையின் மத்தளமும் கிடாரும் ஒலிபெருக்கியும் தாங்க முடியவில்லை என்று குடியிருப்போர் சங்கம் நீதிமன்றம் போனது. மற்றவர் அமைதியைக் கெடுத்து, ஒலிபெருக்கி வைத்து வழிபடு என்று எந்த மதமும் சொல்லவில்லை என்றது உச்ச நீதிமன்றம். அந்தத் தீர்ப்பு இன்று கோயில் திருவிழாவுக்கும் பள்ளிவாசலுக்கும் சேர்த்தே மேற்கோள் காட்டப்படுகிறது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணிக்கு மேல் 45 என்பது ஒலி மாசு விதிகளின் வரம்பு. கைத்தட்டிப் பாடினால்கூடச் சன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை இருக்கலாம்.

மதமாற்றம் நடக்கிறது என்ற குற்றச்சாட்டும் புகாரில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2002இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004இல் திரும்பப் பெறப்பட்டது. இப்போது அப்படி ஒரு சட்டம் இங்கே இல்லை. அதற்காக எதுவும் செய்யலாம் என்று உங்கள் சபையார் நினைக்கக் கூடாது. 1977ஆம் ஆண்டின் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமையில் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று சொல்லிவிட்டது. உங்கள் விசுவாசத்தைப் பேசலாம், கேட்பவர் தானாக முடிவு செய்யலாம். நோயாளிக்காக ஜெபிக்கலாம், மருந்தை நிறுத்து என்று யாரும் சொல்லக் கூடாது. பிறர் கும்பிடும் தெய்வங்களை இழிவாகப் பேசும் போதகரை உங்கள் வீட்டுக்குள் அழைக்கவே வேண்டாம். அப்படிப்பட்ட ஒரு பேச்சின் ஒலிப்பதிவு போதும், மேலே சொன்ன 196உம் 299உம் உண்மையாகவே உங்கள் கதவைத் தட்டும்.

தலைவர் என்பதால் உங்களுக்குக் கூடுதலாக ஒரு கவனம் வேண்டும். வீட்டு வரி குறைக்க வேண்டி வருபவர், குடிநீர் இணைப்புக்குக் காத்திருப்பவர், பில் பாஸ் ஆக வேண்டிய ஒப்பந்ததாரர் ஆகியோர் வெள்ளிக்கிழமை கூட்டத்தில் உட்காரத் தொடங்கினால், அவர் விசுவாசத்தால் வந்தாரா காரியத்துக்காக வந்தாரா என்று உங்களாலேயே சொல்ல முடியாது. மன்ற வேலையை அலுவலகத்தில் மட்டும் பேசுங்கள். ஜெபக் கூட்ட அறிவிப்பில் ‘பேரூராட்சித் தலைவர்’ என்ற பட்டம் வேண்டாம். அலுவலக வாகனத்தில் போதகரை அழைத்துவருவதும் வேண்டாம்.

ஆய்வாளர் மீண்டும் வந்தால் வாக்குவாதம் செய்யாதீர்கள். எழுத்தில் உத்தரவு தாருங்கள் என்று மட்டும் கேளுங்கள். தந்தால், அதை எதிர்த்து மதுரைக் கிளையில் அரசியல் சாசனத்தின் 226ஆம் பிரிவின் கீழ் மனுச் செய்யலாம். தராவிட்டால், அவர் வாய்மொழியாகச் சொன்ன தேதியையும் நேரத்தையும் குறித்து, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு மனு அனுப்புங்கள். யாராவது உள்ளே புகுந்து ஜெபத்தைக் கலைத்தால் நீங்கள்தான் புகார்தாரர். சட்டப்படி கூடிய வழிபாட்டை வேண்டுமென்றே குலைப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 300ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை அல்லது அபராதத்துக்கு உரிய குற்றம்.

பதவி போய்விடுமா?

இந்த ஒரு ஜெபத்துக்காகப் பதவியிலிருந்து நீக்குவது மிகக் கடினம். அரசு நீக்க நினைத்தால் முதலில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் தர வேண்டும், உங்கள் பதிலைப் பரிசீலிக்க வேண்டும். அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று காட்ட ஒரே நாளில் நடந்த ஒரு நிகழ்வு போதாது. அது மாதந்தோறும் தொடர்ந்தால் கதை மாறும். நம்பிக்கையில்லாத் தீர்மானம் வேறு விஷயம். அங்கே எண்ணிக்கைதான் பேசும். உட்கார்ந்துவிட்ட இரண்டு உறுப்பினர்களோடு நீங்கள் பேசினீர்களா என்று கடிதத்தில் இல்லை. பேசியிருக்க வேண்டும்.

தேர்தல் நேரத்துக்கு ஓர் எச்சரிக்கை. வழிபாட்டுத் தலங்களில் பிரசாரம் கூடாது என்பது நடத்தை விதி. மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பது முறைகேடு என்பதை 2017இல் அபிராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு விரிவாகவே பொருள் கொண்டது. வேட்பாளரின் மதம் மட்டும் இல்லாமல் வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் அதில் அடங்கும். ‘நம்ம சபைப் பிள்ளைக்கு ஓட்டுப் போடுங்கள்’ என்று ஐயர் பிரசங்க மேடையிலிருந்து அன்போடு சொன்னாலும் பாதிப்பு உங்களுக்குத்தான்.

இதைப் படிக்கும் வேறு சிலருக்காக ஒரு வார்த்தை. நீங்கள் பெண்கள் பொது வார்டில் வென்றவர், அதனால் உங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பட்டியல் சாதியினருக்கான தனி வார்டில் வென்ற ஒருவர் ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவராக வாழ்ந்தால் நிலைமை வேறு. பட்டியல் சாதிகளை வரையறுக்கும் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினரை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்கிறது. 2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தலித் கிறிஸ்தவர்களுக்கும் அந்த உரிமை வேண்டும் என்று தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. அந்தக் கோரிக்கை நியாயமானது என்பது என் நிலை. ஆனால் சட்டம் இன்று இருக்கும் நிலையில், அப்படிப்பட்டவர் தனியாக ஆலோசனை பெறாமல் எந்தப் பதிலும் எழுதக் கூடாது.

உங்கள் ஐயருக்கும் கணவருக்கும் நடுவில் நீங்கள் தவிப்பது புரிகிறது. ஜெபத்தை மன்றத்தின் அலுவலாக்காமல் இருப்பது மறுதலிப்பு ஆகாது என்று ஐயரிடம் சொல்லுங்கள். யாராவது கேட்டால் நான் கிறிஸ்தவள் என்று சொல்லத் தயங்காதீர்கள். காணொளியை நீக்கச் சொல்லி யாரிடமும் கெஞ்சவும் வேண்டாம். அதே நேரத்தில், கணவர் சொல்வதுபோல் முழுமையாக ஒடுங்கிப்போகவும் தேவையில்லை. கூட்டத்தின் தொடக்கத்தில் ஒரு கனம் வேண்டும் என்று நீங்கள் நினைத்தது நல்ல எண்ணம். தமிழகச் சட்டமன்றத்தில் அன்றாட அலுவல் ஒரு திருக்குறளோடு தொடங்குகிறது. அதையோ ஒரு நிமிட மௌனத்தையோ உங்கள் மன்றத்திலும் கொண்டுவரலாம். தலைவரின் கட்டளையாக அறிவிக்காமல் தீர்மானமாக வையுங்கள், அன்று உட்கார்ந்துவிட்ட இருவரில் ஒருவரையே முன்மொழியச் சொல்லுங்கள். அந்த மௌனத்தில் நீங்கள் யாரிடம் பேசுகிறீர்கள் என்று எவரும் கேட்க முடியாது.

இனி உடனே செய்ய வேண்டியவை. செயல் அலுவலரிடம் புகாரின் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். அடுத்த கூட்டத்தில், பதிவேட்டின் அந்த வரி மன்றத்தின் அலுவலைக் குறிக்கவில்லை, தலைவரின் தனிப்பட்ட செயல் என்று திருத்தக் குறிப்பு சேர்க்க நீங்களே முன்வாருங்கள். வரியை அடிக்கவோ தாளைக் கிழிக்கவோ யாரையும் விடாதீர்கள்; அது உண்மையான குற்றமாகிவிடும். ஆட்சியரிடமிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் ஒரே பக்கத்தில் பதில் எழுதுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், ஆயுத பூஜையை அதில் இழுக்காதீர்கள், இனி மன்றக் கூட்டத்தில் எந்த மத வழிபாடும் தலைவரின் அழைப்பில் நடக்காது என்ற உறுதியோடு முடியுங்கள். பதில் அனுப்பும் முன் உங்கள் ஊர் நீதிமன்றத்தில் உள்ளாட்சி வழக்கு நடத்தும் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். வெள்ளிக்கிழமை கூட்டத்தை வழக்கமான நேரத்தில் வழக்கம்போல் நடத்துங்கள்.